உடற்கல்விப் பாடவேளை: கால அட்டவணையில் இருப்பதும் மைதானத்தில் நடப்பதும்

தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியின் கால அட்டவணையை எடுத்துப் பார்த்தாலும் அதில் உடற்கல்விக்கென்று பாடவேளை ஒதுக்கப்பட்டிருக்கும். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நாட்களில் அதே நேரத்தில் வகுப்பறைக்குச் சென்று பார்த்தால், கரும்பலகையில் கணக்கு நடந்துகொண்டிருக்கக்கூடும். இதற்குப் பள்ளிகளில் வழங்கும் சொல் ‘கடன்’. கணித ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ உடற்கல்வி ஆசிரியரிடமிருந்து பாடவேளையைக் கடன் வாங்குகிறார். அது திருப்பித் தரப்படுவது அரிது. 2023ஆம் ஆண்டில் மாநிலத்தின் விளையாட்டுத் துறை அமைச்சரே, உடற்கல்விப் பாடவேளையைக் கடன் வாங்க வேண்டாம் என்று ஆசிரியர்களைப் பொது மேடையில் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு இவ்வழக்கம் வேரூன்றியிருக்கிறது.

இது கணித ஆசிரியரின் குற்றமன்று. ஆண்டிறுதியில் அவரிடம் கேட்கப்படுவது தேர்ச்சி விழுக்காடு. உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்கப்படுவதோ, பள்ளி எத்தனைக் கோப்பைகளை வென்றது என்பது. கோப்பை வெல்லும் அணியில் பத்து, பன்னிரண்டு மாணவர்கள் இருப்பார்கள். மீதமுள்ள சில நூறு பேர் அந்த ஆண்டில் எத்தனை நாள் மூச்சிரைக்க ஓடினார்கள் என்பதை எவரும் கேட்பதில்லை. இக்கட்டுரை அந்த மீதமுள்ளவர்களைப் பற்றியது.

ஒரே வகுப்பில் இருவகைக் குறை

2025 செப்டம்பரில் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, உலக அளவில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரிடையே உடற்பருமன் உள்ளவர்களின் பங்கு (9.4 விழுக்காடு) எடை குறைந்தவர்களின் பங்கை (9.2 விழுக்காடு) முதன்முறையாகத் தாண்டிவிட்டதாகத் தெரிவித்தது. தெற்காசியா இந்த மாற்றத்திற்கு இன்னும் விலக்காகவே உள்ளது. இங்கே மெலிந்த குழந்தைகளே மிகுதி. ஆயினும் அதை ஆறுதலாகக் கொள்ள இடமில்லை. 2016 முதல் 2018 வரை இந்தியாவில் நடத்தப்பட்ட விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதினரில் 24 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தனர். ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் மிகை எடையுடன் இருந்தனர். பத்தில் ஒருவருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலை காணப்பட்டது.

கடைசி எண்ணைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். மிகை எடையுள்ளவர்கள் இருபதில் ஒருவர். இரத்தச் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பவர்கள் பத்தில் ஒருவர். ஆகவே, பார்வைக்கு ஒல்லியாகத் தோன்றும் பிள்ளைகளிலும் சிலருக்கு உள்ளுக்குள் சிக்கல் தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். தசை குறைவாகவும் வயிற்றுக் கொழுப்பு மிகுதியாகவும் இருக்கும் உடலமைப்பு இந்தியர்களிடையே பரவலாகக் காணப்படுவது. தராசு மட்டும் அதைக் காட்டாது. ‘என் பிள்ளை குண்டாக இல்லையே, விளையாடாவிட்டால் என்ன?’ என்ற கேள்விக்கான விடை இதுவே.

60 நிமிடம் என்பதன் கணக்கு

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். வாரத்தில் மூன்று நாட்களேனும் தசையையும் எலும்பையும் வலுவாக்கும் செயல்கள் அதில் இடம்பெற வேண்டும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் இதே அளவே பரிந்துரைக்கப்பட்டுள்ளது. மிதமானது என்றால், பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவு மூச்சு வாங்குவது. வேகமான நடை, மிதிவண்டி ஓட்டுதல், நொண்டி, கோ-கோ, கபடி, கயிறு தாண்டுதல் அனைத்தும் இதில் அடங்கும்.

வாரத்திற்கு இது 420 நிமிடம் ஆகிறது. 45 நிமிடப் பாடவேளை வாரத்தில் இரண்டு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 90 நிமிடம். வரிசையில் நிற்பதற்கும் பந்துக்காகக் காத்திருப்பதற்கும் போக, உண்மையில் உடல் அசையும் நேரம் அதில் பாதியாக இருக்கலாம். அதாவது, ஒரு பாடவேளைகூடக் கடன் போகாத பள்ளியிலும் தேவையின் பெரும்பகுதி பள்ளிக்கு வெளியேதான் நிறைவேற வேண்டும். அவ்வாறெனில் உடற்கல்விப் பாடவேளையால் பயன் என்ன என்று கேட்கலாம். நீந்தத் தெரியாதவர் குளத்தில் இறங்கமாட்டார். பந்தைப் பிடிக்கத் தெரியாத பிள்ளை மாலையில் தெருவில் ஆட அழைத்தாலும் போகாது. ஓடவும், தாவவும், எறியவும், விழாமல் திரும்பவும் முறையாகக் கற்றுத்தருமிடம் இப்பாடவேளை. எஞ்சிய நிமிடங்களுக்கான திறவுகோல் இங்கேதான் கொடுக்கப்படுகிறது. மேலும், வீட்டில் முற்றமோ தெருவில் இடமோ இல்லாத பிள்ளைகளுக்கு, குறிப்பாக நகர்ப்புறப் பெண் பிள்ளைகளுக்கு, வாரத்தில் ஓடக் கிடைக்கும் ஒரே வாய்ப்பும் இதுவாக இருக்கக்கூடும்.

146 நாடுகளைச் சேர்ந்த 16 இலட்சம் மாணவர்களின் தரவுகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மேற்கொண்ட பகுப்பாய்வு 2019இல் வெளியானது. 2016ஆம் ஆண்டு நிலவரப்படி 11 முதல் 17 வயதினரில் 81 விழுக்காட்டினர் இந்த 60 நிமிட அளவை எட்டவில்லை என்று அது கூறுகிறது. ஆண்களில் 78, பெண்களில் 85. பதினைந்து ஆண்டுகளில் ஆண் பிள்ளைகளிடம் சிறு முன்னேற்றமேனும் தெரிந்தது. பெண் பிள்ளைகளிடம் ஒன்றுமில்லை.

உடலுக்குள் நிகழ்வது

ஓடும்போது சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் துணையை அதிகம் நாடாமலே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்ளும் திறனுடையது. இதன் விளைவு ஓட்டம் நின்ற பின்னும் பல மணி நேரம் நீடிக்கிறது. நீரிழிவு மிகுந்த குடும்பப் பின்னணியுடைய நம் பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான தடுப்பு வேறில்லை. எலும்பைப் பொறுத்தவரை, வாழ்நாளின் உச்ச எலும்பு அடர்த்தியில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. குதிக்கும்போதும் தாவும்போதும் விழும் அதிர்வே எலும்பை அடர்த்தியாக்கும் தூண்டல். அறுபது வயதில் இடுப்பெலும்பு முறியுமா என்பதில், பன்னிரண்டு வயதில் நொண்டி ஆடியதற்கும் ஒரு பங்கு உண்டு.

அதிகம் பேசப்படாத மற்றொன்று கண். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புறச் செயல்பாடு தரப்பட்டது. மூன்றாண்டு முடிவில் அப்பிரிவில் 30.4 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை தோன்றியது. வழக்கம்போல் இருந்த பிரிவில் 39.5 விழுக்காட்டினருக்கு. வெளிச்சத்தில் இருந்ததே காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே, உடற்கல்வி ஆசிரியர் இல்லாத நாளில் பிள்ளைகளை வெறுமனே வெளியே விளையாட விடுவதும் வீண் அன்று.

மதிப்பெண் குறையுமா?

பாடவேளை கடன் போவதன் அடியிலுள்ள அச்சம் இதுதான். இதை நேரடியாகச் சோதித்த பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1970களில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் துருவா-ரிவியேர் வட்டாரத் தொடக்கப் பள்ளி மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் உடற்கல்வி தரப்பட்டது. அதற்கான நேரம் பிற பாடங்களிலிருந்தே எடுக்கப்பட்டது; வகுப்பறை நேரம் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்தது. மதிப்பெண் குறையவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் ஐம்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், உடலியக்கத்திற்கும் கல்விச் செயல்பாட்டிற்குமான தொடர்புகளில் பாதி நன்மையையே காட்டின. மீதியில் பெரும்பாலானவை எவ்வித மாற்றத்தையும் காட்டவில்லை. தீமையைக் காட்டியவை நூற்றில் இரண்டுக்கும் குறைவு.

இதை மிகைப்படுத்தக் கூடாது. விளையாடினால் மதிப்பெண் கூடிவிடும் என்று உறுதி சொல்ல இச்சான்றுகள் போதா. விளையாடுவதால் குறையாது என்று சொல்லப் போதும். பெற்றோர் அறிய விரும்புவதும் அதுவே.

பதிவேட்டில் ஏறாத ஒன்று

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உணவு எவ்வாறு நிலைபெற்றது என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம். 1982 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டமும், நாள்தோறும் எண்ணப்படுகின்றன. எத்தனைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்பது அன்றே பதிவாகிறது. வாராந்திர இரும்புச்சத்து மாத்திரைக்கும், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும் குடற்புழு நீக்க நாளுக்கும் பதிவேடு உண்டு. ஒரு நாள் அடுப்பு எரியாவிட்டால் மேலதிகாரி கேட்பார். ஒரு மாதம் மைதானத்தில் எவரும் கால் வைக்காவிட்டால் கேட்பதற்கு ஒருவருமில்லை, ஏனெனில் அதைக் காட்டும் ஏடே இல்லை. நலக்கல்வியின் மூன்று கால்களில் இரண்டுக்குக் கணக்கு இருக்கிறது; மூன்றாவது நல்லெண்ணத்தின் மீது நிற்கிறது.

சட்டத்தில் இடம் இல்லாமலில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் உடல்நல, உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்றும் அதன் அட்டவணை கூறுகிறது. தமிழ்நாட்டில் 2012இல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்காகப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,000க்கும் மேற்பட்டோர் நியமிக்கப்பட்டதன் பின்னணி இதுவே. வாரத்தில் மூன்று அரை நாட்கள் என்ற அளவில் அமைந்த பணி அது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018இல் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நாள்தோறும் ஒரு பாடவேளையைக் கட்டாயமாக்கியது. ஆணை என்னவோ தெளிவானது. பொதுத்தேர்வு வகுப்புகளில் அது எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பதைப் பெற்றோர் தம் பிள்ளையிடமே கேட்டறியலாம். ‘இந்த வாரம் எத்தனை முறை மைதானத்திற்குப் போனாய்?’ என்ற ஒரு கேள்வி போதும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் அதே கேள்வியை எழுப்பலாம். கூட்டக் குறிப்பேட்டில் ஏறும் எதற்கும் அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

மரத்தடியில் அமர்ந்திருக்கும் மாணவியர்

எட்டாம் வகுப்பைத் தாண்டிய மாணவியரில் பலர் உடற்கல்வி நேரத்தில் மரத்தடியில் அமர்ந்து ஆண் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பலரும் கண்ட காட்சி. விருப்பமில்லை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். சற்று விசாரித்தால் வேறு காரணங்கள் தெரியவரும். துப்பட்டாவுடன் ஓட இயலாது. உடை மாற்ற மறைவிடம் இல்லை. மாதவிடாய் நாளில் நாப்கின் மாற்றத் தண்ணீருள்ள கழிப்பறை இல்லை. மைதானம் ஒன்றே, அதில் ஆண்கள் ஏற்கெனவே நிற்கிறார்கள். இவற்றில் எதையும் அறிவுரையால் தீர்க்க முடியாது. விளையாட்டு நாளன்று சீருடையில் தளர்வு, வகுப்புவாரியாக மைதானத்தைப் பிரித்துத் தருதல், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை ஆகியன தலைமையாசிரியர் அளவிலேயே முடிவெடுக்கக்கூடியவை. மாதவிடாயின்போது விளையாடக் கூடாது என்பதற்கு மருத்துவ அடிப்படை இல்லை. மிதமான உடற்பயிற்சி பலருக்கு வயிற்றுவலியைத் தணிப்பதாக ஆய்வுகள் சுட்டுகின்றன. ஓய்வெடுக்க விரும்பும் மாணவிக்கு அந்த உரிமையும் வேண்டும்.

இன்னொரு காரணம் இரத்தத்திலேயே இருக்கிறது. முன்னர் குறிப்பிட்ட தேசிய ஆய்வில் வளரிளம் பெண்களில் 40 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 18 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் குறைந்த பெண், மைதானத்தை ஒரு சுற்று சுற்றுவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறாள். ‘சோம்பேறி’ என்ற பெயர் வருகிறது. அடுத்த வாரம் அவள் எழுந்து வருவதே இல்லை. அவளுக்குத் தேவை கண்டிப்பு அன்று, இரத்தப் பரிசோதனை. 12 வயதைக் கடந்த பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் நீல நிற மாத்திரையை உணவுக்குப் பின் விழுங்க வேண்டும். தேநீருடனோ காபியுடனோ கூடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ உடன் சேர்ந்தால் இரும்பு நன்றாக உட்கிரகிக்கப்படும். மலம் கறுத்துப் போவது இயல்பே. அதைக் கண்டு மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

தண்டனையும் கேலியும்

தாமதமாக வந்தால் மைதானத்தைப் பத்து சுற்று. வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் தோப்புக்கரணம். இதே பள்ளியில், குறும்பு செய்த பிள்ளைக்கு உடற்கல்வி வகுப்பு மறுக்கப்படுவதும் உண்டு. முதலாவது, ஓட்டத்தை வெறுக்கக் கற்பிக்கிறது. இரண்டாவது, எந்தப் பிள்ளைக்கு அசைவு மிகத் தேவையோ அந்தப் பிள்ளையையே இருக்கையில் கட்டிப்போடுகிறது. இரண்டும் கைவிடப்பட வேண்டியவை. பருமனான பிள்ளையைக் கடைசியாக அணியில் சேர்ப்பதும், அதன் ஓட்டத்தைப் பார்த்துச் சிரிப்பதும் அப்பிள்ளையை மைதானத்திலிருந்து நிரந்தரமாக விரட்டிவிடும். ஒருவர் தோற்று வெளியேறியதும் உட்கார்ந்துவிடும் ஆட்டங்களில், முதலில் வெளியேறுவது பெரும்பாலும் பயிற்சி மிகத் தேவைப்படும் பிள்ளையே. அனைவரும் இறுதிவரை ஆடும்படியான ஆட்டங்களை ஆசிரியர் தேர்ந்தெடுப்பது நலம்.

வெயிலும் வாயிலும்

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. உடற்கல்விப் பாடவேளையை எந்த நேரத்தில் வைப்பது என்பது இனி வசதி சார்ந்த முடிவாக மட்டும் இருக்க முடியாது. பிற்பகல் முதல் பாடவேளை இதற்கு மிகப் பொருந்தாதது: உணவு உண்ட வயிறு, உச்சி வெயில். காலையின் முதலிரு பாடவேளைகளோ மாலையின் கடைசிப் பாடவேளையோ ஏற்றவை. கடும் வெயில் நாட்களில் நிழலிலோ வகுப்பறைக்குள்ளோ யோகாசனம், கயிறு தாண்டுதல் போன்றவற்றை நடத்தலாம். தண்ணீர் குடிப்பதற்கென மணி அடிக்கும் வழக்கம் சில பள்ளிகளில் வந்திருக்கிறது. விளையாட்டுக்கு முன்னும் பின்னும் அந்த மணி ஒலிப்பது நல்லது.

பள்ளி வாயிலுக்கு வெளியே இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுப் பொருட்களைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. 200 மில்லி குளிர்பானம் ஒன்றில் ஏறத்தாழ 20 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி சர்க்கரை உள்ளது. சர்க்கரையின் அளவை மாணவர்களுக்கு விளக்கும் பலகைகளை வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதத்தில் தன் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. பலகை நல்லதே. ஆனால் விளையாடிக் களைத்து வரும் பிள்ளைக்குப் பசி உண்மையானது. பலகையைக் காட்டிப் பசியைத் தீர்க்க முடியாது. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, சுண்டல், ஒரு வாழைப்பழம், கடலை மிட்டாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பையில் இருந்தால் வாயிற்கடையின் இழுப்பு பாதியாகக் குறையும். காலை உணவு உண்ணாத பிள்ளையை முதல் பாடவேளையில் ஓட விடக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரவுத் தூக்கம் 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தேவை. பொதுத்தேர்வு ஆண்டில் சிறப்பு வகுப்பு, தனிப்பயிற்சி, கைபேசி மூன்றும் சேர்ந்து முதலில் விளையாட்டையும் அடுத்துத் தூக்கத்தையும் விழுங்குகின்றன.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

விளையாடும்போது மயங்கி விழுதல், நெஞ்சுவலி, படபடப்பு, உதடு நீலமாதல், மற்ற பிள்ளைகளைவிட வெகு விரைவில் மூச்சுத் திணறுதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் விளையாட்டை நிறுத்திவிட்டு, அன்றே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவினர் ஐயப்படும் பிள்ளைகளை மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்பி இதயப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வர். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஆஸ்துமா, வலிப்பு, முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் உரிய மருந்துடனும் கண்காணிப்புடனும் விளையாட இயலும். அவர்களுக்காக மருத்துவச் சான்று பெறும் பெற்றோர், ‘விளையாட்டிலிருந்து விலக்கு’ என்று பொதுவாக எழுதி வாங்க வேண்டாம். எந்த விளையாட்டு கூடாது, எது கூடும், எத்தனை நாளுக்கு, இன்ஹேலரோ இனிப்போ யாரிடம் இருக்க வேண்டும் என்பவற்றைச் சான்றில் குறிப்பிடும்படி மருத்துவரிடம் கேட்டுப் பெற்று, அதன் ஒரு படியை உடற்கல்வி ஆசிரியரிடம் நேரில் கொடுக்க வேண்டும்.